கனடா மச்சான் தோட்டா டூல்ஸ் கடைஞ்சு கேக்கான், நம்ம லேத்துல எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடா?

ஆரையம்பதிப் பட்டறை:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஆரையம்பதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கன், மில்லு ஷாப்ட், போட் எஞ்சின் புஷ், ட்ரெக்டர் பின் இதுதான் நம்ம வேலை. மாமிட மகன் ஒருத்தன் அல்பேர்ட்டாவில இருக்கான், அவன் அங்க மான் வேட்டைக்குப் போற ஆள், லைசன்ஸ் எல்லாம் இருக்கு. இப்ப ரெண்டு வருசமா கடையில தோட்டா வாங்கிறத விட்டுட்டு, சுட்ட வெறுங்கோதை எடுத்துத் துப்பரவாக்கி திரும்ப வெடிமருந்து போட்டு சன்னம் வச்சு தானே செய்யிறானாம், அங்க அது ஒரு ஹொபியாம், ஆக்கள் கராஜுக்குள்ள மேசை போட்டு அதையே செய்துகொண்டு இருப்பாங்களாம்.

இப்ப வட்ஸப்ல வொயிஸுக்கு மேல வொயிஸ். "மச்சான் உனக்கிட்ட லேத் இருக்கு, எனக்கு கொஞ்சம் சாமான் கடைஞ்சு அனுப்பு, இஞ்ச கூட்டாளிமாரும் எடுப்பாங்க" எண்டு ஒரு லிஸ்ட் போட்டிருக்கான். பம்ப் கேஜ், ஷெல் ஹோல்டர், மென்ட்ரல், மருந்து ஊத்துற புனல், கோது அடுக்கி வைக்கிற கட்டை, ஏலுமெண்டா ஒரு சைசிங் டையும் பாரு எண்டான். இதில புனலும் கட்டையும் தவிர மத்ததெல்லாம் என்ன சாமான் எண்டே எனக்குத் தெரியா. சாம்பிளுக்கு .308 (அது ஒரு ரைபிள் தோட்டா அளவு) வெறுங்கோது நாலஞ்சு பார்சல்ல போடுறன் எண்டும் சொன்னான்.

நமக்கிட்ட இருக்கிறது அப்பாட காலத்து இஞ்சி லேத், டிஜிட்டல் வேர்னியர் ஒண்டு, மைக்ரோமீட்டர் ஒண்டு. கேள்வி மூண்டு. இந்தச் சாமான்கள் என்ன வேலை செய்யுது, எவ்வளவு துல்லியம் வேணும், இதைச் செய்தா இஞ்ச ஏதும் பிரச்சினை வருமா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.


கச்சேரியடி:

தம்பி மத்ததெல்லாம் மறுகா பேசலாம், முதல்ல அந்தக் கோது பார்சலை நிப்பாட்டு. இண்டைக்கே சொல்லு. வெறுங்கோதுதானே, மருந்து இல்லைதானே எண்டு அவன் சொல்லுவான், அவனுக்கு அங்க அது பழைய பித்தளை. இஞ்ச மட்டக்களப்புல ஒரு பட்டறைக்குள்ள ரைபிள் கோது கிடந்தா, அதுவும் வெளிநாட்டுப் பார்சல்ல வந்ததெண்டா, நீ எத்தினை பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரியப் போறா? முப்பது வருசம் இந்த மண்ணுல என்ன நடந்ததெண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்ல.

சட்டம் எண்டு பாத்தா ரெண்டு இருக்கு. துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்கம், வெடிபொருள் சட்டம் 1956ஆம் ஆண்டு 21ஆம் இலக்கம். வயலுக்குக் காவலுக்கெண்டு பன்னிரண்டு போர் துவக்கு லைசன்ஸ் வச்சிருக்கிற ஆக்கள் வருசா வருசம் அதைப் புதுப்பிக்கணும், தோட்டாவும் அனுமதியோடதான் வாங்கணும். வீட்டில இருந்து தோட்டா செய்யிறது எண்ட கதையே இஞ்ச இல்ல, அது ஹொபி இல்ல, கேஸ்.

அம்பாறைப் பக்கம் பன்றி வெடி வச்சு யானை வாய் கிழிஞ்சு சாகிறதை அடிக்கடி கேக்கிறம், கட்டுத்துவக்குல மாட்டி மனுசனும் கால் இழக்கிறான், அதால வெடிமருந்து, தோட்டா எண்ட சொல்லு காதுல விழுந்தாலே பொலிஸ் வித்தியாசமாத்தான் பாப்பாங்க. பாக்கவும் வேணும்.

புனல் கடையிறது, மரக்கட்டையில ஓட்டை போடுறது குத்தமில்ல. ஆனா வெளிய அனுப்ப முதல் ஏற்றுமதி ஆக்களிட்ட சாமான் என்ன எண்டு உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டு, எழுத்துல வாங்கிக்கொண்டு செய். "மெசின் பார்ட்ஸ்" எண்டு பொய் எழுதி அனுப்பிற வேலை வேணாம்.


பனிநாட்டு மட்டக்களப்பான்:

கச்சேரியடி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஊர் கல்லடி, இப்ப எட்மன்டன் பக்கம், நானும் இந்த வேலை செய்யிற ஆள்தான், அதால தம்பிட மச்சான் என்ன கேக்கான் எண்டு எனக்கு விளங்குது. இஞ்ச சொந்தப் பாவிப்புக்கு தோட்டா நிரப்பலாம், விக்க ஏலா. அதை முதல்ல சொல்லி வைக்கிறன், கூட்டாளிமாருக்கு டூல் விக்கிறது வேற, தோட்டா விக்கிறது வேற, அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமெண்டு நம்புறன்.

சரி சாமானுக்கு வாறன். ஒரு தடவை சுட்டா பித்தளைக் கோது உப்பி துவக்குட அறை அளவுக்கு வந்திரும். அதைத் திரும்பப் பாவிக்க எண்டா பிரஸ் எண்ட ஒரு கைநெம்பு மெசின்ல மாட்டி, டை எண்ட உருக்கு அச்சுக்குள்ள தள்ளி, பழைய அளவுக்குச் சுருக்கணும், அதே தள்ளில பழைய பிரைமரும் (அடியில இருக்கிற, மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி) கழண்டு விழும். அதுதான் சைசிங் டை. அந்த டைக்கு வெளியில இருக்கிற மரை எட்டுல ஏழு இஞ்சி, இஞ்சிக்கு பதினாலு புரி. ஆர்சிபிஎஸ், லீ, ஹோர்னடி, ரெடிங், லைமன் எண்ட கொம்பனி எல்லாம் இதே மரைதான், ஒருத்தன்ட டை மத்தவன்ட பிரஸ்ல ஏறும், அதாலதான் இந்த ஹொபி இவ்வளவு பரவிச்சு எண்டு நான் நினைக்கிறன். ஷெல் ஹோல்டர் எண்டது கோதுட அடி விளிம்பைப் பிடிச்சு நிக்கிற சின்ன உருக்குத் துண்டு, பிரஸ்ட தண்டுக்கு மேல செருகும். இதில மட்டும் கொம்பனிக்கொரு நம்பர், .308க்கு ஆர்சிபிஎஸ்ல 3ஆம் நம்பர், லீல 2ஆம் நம்பர். மச்சான் நம்பரை மட்டும் சொன்னானெண்டா எந்தக் கொம்பனி நம்பர் எண்டு கேள்.

இப்ப முக்கியமான விசயம். ஷெல் ஹோல்டர்ட மேல்முகத்துல இருந்து கோது இருக்கிற தட்டு வரைக்கும் உயரம் 0.125 இஞ்சி, அதுதான் எல்லாரும் பிடிக்கிற கணக்கு. ரெடிங் கொம்பனி இதையே ரெண்டு தௌ ரெண்டு தௌவா (தௌ எண்டது இஞ்சில ஆயிரத்தில ஒரு பங்கு) கூட்டி 0.002 தொடக்கம் 0.010 வரைக்கும் அஞ்சு ஹோல்டர் செட்டா விக்கிறான், அப்ப பாருங்க ரெண்டு தௌ வித்தியாசத்துக்கே காசு குடுத்து வாங்கிறாங்க. நீங்க கடைஞ்ச ஹோல்டர்ல அந்த உயரம் குறைஞ்சா கோதுட தோள் (கழுத்துக்குக் கீழ இருக்கிற சரிவு) தேவைக்கு மேல பின்னுக்குப் போகும், துவக்குக்குள்ள கோது ஆடும், ரெண்டு மூண்டு தரம் சுட்டாப்பிறகு அடிப்பக்கத்துல வளையமா மெலிஞ்சு ஒருநாள் பிரிஞ்சு போகும். .308ல உள்ளுக்குள்ள அமுக்கம் சதுர இஞ்சிக்கு 62,000 இறாத்தல் வரைக்கும் போகலாம் எண்டு எழுதி வச்சிருக்கு, காருட டயருக்கு நாம 30 அடிக்கிறம். அந்த அமுக்கத்துல ஓட்டை விட்ட வாயு எங்க வரும்? முகத்துக்கு.

அதால ஹோல்டரும் டையும் வேணாம். லீ ஹோல்டர் இஞ்ச சில டொலருக்குக் கிடக்கு, நீங்க அதைக் கடைஞ்சு ஹார்ட்னிங் பண்ணி கிரைண்ட் பண்ணி அனுப்பினா தபால் காசுக்கும் காணா.

பம்ப் கேஜ் நல்ல சாமான். அது செய்யலாம். அதுல துல்லியம் வேற மாதிரி. சுட்ட கோதுட தோள் அடியில இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு எண்டு வேர்னியர்ல அளக்க, வேர்னியர் தாடையில ஒரு புஷ் மாட்டுறது, .308க்கு அந்த புஷ் ஓட்டை 0.400 இஞ்சி. முதல் சுட்ட கோதை அளந்து, பிறகு டைக்குள்ள தள்ளினதை அளந்து, வித்தியாசம் ரெண்டு தௌ அளவுல இருக்கப் பண்ணுறம், போல்ட் எக்ஷன் துவக்குக்கு அது காணும். ரெண்டு அளவும் ஒரே புஷ்ல எடுக்கிறபடியா ஓட்டை 0.400க்கு பதிலா 0.398 ஆனாலும் வித்தியாசம் கிட்டத்தட்ட மாறாது. அறுதி அளவு வேணாம், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உக்காந்தாக் காணும். இப்பிடிப்பட்ட சாமானைத்தான் நீங்க பிடிக்கணும் தம்பி, ஒப்பிட்டுப் பாக்கிறது உங்களுக்கு, அமுக்கம் தாங்கிறது பெக்டரிக்கு.


சம்மாந்துறை ஃபிட்டர்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் சலாம். நான் சவூதில டூல் ரூம்ல நின்டவன், இப்ப ஊருல. துவக்கு பத்தி எனக்கு ஒண்டும் தெரியா, தெரியவும் தேவல்ல, ஆனா அந்த புஷ் கடையிற விசயத்த நான் சொல்லலாம்.

தம்பி அந்த புஷ்ஷ பித்தளைல செய்யாதீங்க. பித்தளைல பித்தளை உரஞ்சினா இழுத்துப் பிடிக்கும், ஓட்டை விளிம்பு கெதியா போயிரும். போட் ஷாப்ட்ல மிஞ்சின 316 ஸ்டெயின்லெஸ் உங்கட்ட கிடக்கும், அது ஓகே, ஆனா 316 ஒரு சள்ளை பிடிச்ச உலோகம், டூல் கூர் இல்லாம தடவிக்கிட்டு நின்டா மேற்பரப்பு இறுகிப் போய் பிறகு டூல் ஏறாது. கூரான டூல், வேகம் குறைச்சு, வெட்டு நல்லா ஆழமா குடுத்து, நிப்பாட்டாம ஓடணும். 303 கிடைச்சா கண்ண மூடிக்கிட்டு எடுங்க, வெண்ணெய் மாதிரி வரும்.

முக்கியம் என்னெண்டா ஓட்டையும் முகமும் ஒரே பிடில முடியணும். சக்ல ஒருக்கா பிடிச்சா பிடிச்சதுதான், முகம் எடுத்து, ட்ரில் போட்டு, போரிங் பார்ல 0.400க்கு கொண்டு வந்து, அதே பிடில வெளிவிட்டமும் லைட்டா எடுத்து, பிறகுதான் பார்டிங், வெட்டிப் பிரிக்கிறது. கழட்டி திருப்பிப் பிடிச்சு ஓட்டை போட்டா ஓட்டை முகத்துக்கு நேர் குத்தா நிக்காது, கோதுட தோள் ஒரு பக்கம் மட்டும் முட்டும், அளவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்டா வரும். பின்பக்க முகத்த சொஃப்ட் ஜோல பிடிச்சு எடுங்க, இல்லாட்டி சர்ஃபேஸ் கிரைண்டர் இருக்கிற இடத்துல குடுத்து எடுங்க.

ஓட்டை விளிம்புல பிசிறு நிக்கக் கூடா, ஆனா பிசிறு எடுக்கிறம் எண்டு சாம்ஃபர் டூல் போட்டு சரிவு வெட்டிராதீங்க. தோள் உக்காருறது அந்த விளிம்புலதான். சரிவு போட்டா ஓட்டை பெருத்த மாதிரி கணக்கு. 600 எமரி பேப்பர உருட்டி சுத்தவிட்டு ரெண்டு தட்டு, போதும்.

சோதிக்க கோது தேவல்ல. அண்ணன்மார் சொன்ன மாதிரி கோதும் வேணா, கோது மாதிரி டம்மியும் கடைய வேணா. .308 தோள் சரிவு பக்கத்துக்கு 20 பாகை எண்டு போட்டிருக்கு, கொம்பவுண்ட 20 பாகைல வச்சு சும்மா ஒரு கூம்பு கடைஞ்சுக்கங்க, அடிக்கட்டை வேற எந்த அளவும் இருக்கலாம். அதுல புஷ்ஷ வச்சு அளந்து, எடுத்து, கொஞ்சம் திருப்பி வச்சு திரும்ப அளங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நம்பர் வந்தா சரி. நம்மட டிஜிட்டல் வேர்னியர் 0.01 மில்லிமீட்டர் காட்டும், ஆனா நம்பக் கூடியது 0.02 மட்டும்தான், அது ஒரு தௌ கிட்ட. மைக்ரோமீட்டர்லயும் ஒருக்கா பாருங்க.

புஷ் நீளம் சரியா ஒரு இஞ்சி வச்சா வேர்னியர்ல கழிக்க லேசு. தாடைல மாட்ட 3 மில்லிமீட்டர் காடி, பக்கவாட்டுல ஒரு எம்4 கிரப் ஸ்க்ரூ. வேர்னியர் தாடை தடிப்பு கொம்பனிக்கு கொம்பனி மாறும், அத மச்சானிட்ட கேட்டு வெட்டுங்க.


ஆரையம்பதிப் பட்டறை:

கச்சேரியடி அண்ணே, இப்பதான் அவனுக்கு கோல் எடுத்து கோது ஒண்டும் வேணாம் எண்டு சொல்லிட்டன், பார்சல் இன்னும் கட்டல்லயாம். கொஞ்சம் முறைச்சான், பரவால்ல.

ஃபிட்டர் காக்கா பெரிய உபகாரம், ஒரே பிடில முடிக்கிற விசயம் நான் யோசிச்சிருக்க மாட்டன், நம்ம பழக்கம் ட்ரில் போட்டு ரீமர் விட்டு திருப்பிப் பிடிக்கிறதுதான்.

பனிநாட்டு அண்ணே இன்னும் ரெண்டு. மென்ட்ரல் எண்டது என்ன, அதுக்கு எந்தளவு வேணும்? மத்தது புனல் பிளாஸ்டிக்ல உலகமெல்லாம் கிடக்கு, ஏன் அவன் அலுமினியத்துல கேக்கான்? அவன் இன்னொண்டும் கேட்டான், நம்ம ஊர் நகைக் கடையில பாவிக்கிற தராசு வாங்கி அனுப்பவா எண்டு, அது மருந்து நிறுக்கவாம்.


பனிநாட்டு மட்டக்களப்பான்:

மென்ட்ரல்: கோது டைக்குள்ள போய் வந்தாப்பிறகு கழுத்து தேவைக்கு மேல சுருங்கி இருக்கும். உருண்டையான மினுக்கின உருக்குக் கம்பி ஒண்டை கழுத்துக்குள்ள தள்ளி ஒரே சீரா விரிக்கிறதுதான் மென்ட்ரல். .308 சன்னத்துட விட்டம் 0.308, மென்ட்ரல் அதுக்கு ஒண்டு ஒண்டரை தௌ கீழ, 0.3065, 0.307 இப்பிடி. பித்தளை விட்டவுடன கொஞ்சம் திரும்பிச் சுருங்கும், அதால சன்னத்தை கழுத்து ரெண்டு தௌ அளவுல இறுக்கிப் பிடிக்கும். இதுல அரைத் தௌவும் கணக்கு. உங்கட லேத்துல கடைஞ்சு எடுக்கிறது கஷ்டம், கிரைண்ட் பண்ணின பின் கேஜ் கம்பி வாங்கி முனையை மட்டும் சரிவா கடைஞ்சு மினுக்கினா வேலை முடிஞ்சு. ஆனா அது அவனே அங்க வாங்கலாம், உங்களுக்கு அதுல வேலை கொஞ்சம்தான்.

புனல்: அல்பேர்ட்டாவில மாரியில காத்து காய்ஞ்சு கிடக்கும், சுவெட்டரைக் கழட்டினாலே பொறி பறக்கும். பிளாஸ்டிக் புனல்ல மருந்துக் குருணி ஒட்டிக்கொண்டு நிக்கும், ஒரு தோட்டாவுக்குப் போக வேண்டியது கொஞ்சம் மிச்சமாகி அடுத்ததுல விழும், அது கூடாத விசயம். அலுமினியமோ பித்தளையோ எண்டா ஒட்டாது. உள்பக்கத்தை 1000 பேப்பர்ல மினுக்கி, கீழ்வாயை உள்ளுக்குள்ள சரிவாக் கடைஞ்சா .22ல இருந்து .30 வரைக்கும் எல்லாக் கோதுட வாயிலயும் உக்காரும். படி ஒண்டும் உள்ளுக்க நிக்கக் கூடா, குருணி தங்கும். இது உங்களுக்கு நல்ல சாமான், இஞ்ச கடையில அலுமினியப் புனல் பிளாஸ்டிக்கை விட நல்ல விலை, ஆக்கள் வாங்கிறாங்க.

தராசு விசயத்துல கவனம். இவங்கட கணக்கு கிராம் இல்ல, கிரெயின். ஒரு இறாத்தல்ல 7000 கிரெயின், ஒரு கிராம் எண்டா 15.43 கிரெயின். மருந்து 0.1 கிரெயின் கணக்கா நிறுக்கிறது, அது ஆறரை மில்லிகிராம். கடையில காட்டுற சின்னத் தராசு 0.01 கிராம் படியெண்டா அதுவே 0.15 கிரெயின், காணாது. மில்லிகிராம் காட்டுற தராசு எண்டாத்தான் சரி, அதுவும் சோதனைப் படிக்கல்லோட. ஆனா அங்க பீம் தராசு வாங்கலாம், பெற்றரி இல்ல, சூடு குளிருக்கு நம்பர் ஓடாது, ஊரில இருந்து அனுப்பி உடைஞ்சு போற வேலை எதுக்கு?

மருந்து எவ்வளவு போடுறது எண்ட கேள்வியை மச்சான் உங்களிட்டயோ இஞ்சயோ கேக்க விடாதீங்க. மருந்துக் கொம்பனியும் சன்னக் கொம்பனியும் புத்தகம் போடுறாங்க, அதைத் தவிர வேற எவன் சொன்ன கணக்கும் குப்பை.


கல்முனைச் சந்தி:

ஒரு சந்தேகம், குறை நினைக்க வேணாம். ஆர்சிபிஎஸ் 1943ல தொடங்கினது, லீ 1958ல, லைமன் 1878ல இருந்து இருக்கு, இவ்வளவு கொம்பனி இவ்வளவு காலமாச் செய்யிற சாமானை ஆரையம்பதியில கடைஞ்சு கடல் தாண்டி அனுப்பி என்னத்தைச் சம்பாதிக்க? பெட்டிச் செலவு, தபால், அங்க போய் கஸ்டம்ஸ். மச்சான் காசு தருவானா இல்ல "சொந்தம்தானே" எண்டு விட்டுருவானா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிசாப் படுது.


பனிநாட்டு மட்டக்களப்பான்:

ஹா ஹா, கல்முனைச் சந்தி கேட்டதுல ஞாயம் இருக்கு. கொம்பனி செய்யிற சாமானோட போட்டி போட ஏலா, போட்டி போடவும் கூடா. ஆனா இந்த ஹொபிக்காரன் ஒரு தனி சாதி. ஒருத்தனுக்கு பம்ப் கேஜ்ல தன்ட துவக்குட பேர் வெட்டி இருக்கணும், இன்னொருத்தனுக்கு அவன்ட அளவுக்கு கட்டை வேணும், கடையில கிடைக்கிற கட்டையில ஓட்டை எல்லாக் கோதுக்கும் பொதுவா பெரிசா இருக்கும், கோது சரிஞ்சு நிக்கும்.

கட்டையைப் பத்தி யாரும் சொல்லல்ல. அது பாக்க சிம்பிள், ஆனா உயிரைக் காப்பாத்திற டூல் இந்த லிஸ்ட்ல அதுதான். 50 கோதை நிமித்தி அடுக்கி மருந்து போட்டாப்பிறகு மேல இருந்து டோர்ச் அடிச்சு ஒவ்வொரு வாய்க்குள்ளயும் பாக்கணும், எல்லாத்துலயும் மட்டம் ஒண்டா இருக்கா எண்டு. சில மருந்து, முக்கியமா பிஸ்டல் கோதுல, பாதிக்குக் கீழதான் நிக்கும், மறந்து ரெண்டாம் தடவை போட்டாலும் வெளிய வழியாது, அதை வெடிச்சா துவக்கும் இல்ல கையும் இல்ல. கோது சரிஞ்சு நிண்டா அந்த மட்டம் கண்ணுக்குப் பிடிபடாது.

அளவு: .308 அடி விட்டம் 0.473, அது 12 மில்லிமீட்டர், ஓட்டை 12.5 வையுங்க. .223க்கு அடி 9.6, ஓட்டை 10. பழைய .303க்கு விளிம்பு 13.7, ஓட்டை 14. மரத்துல செய்து அனுப்பாதீங்க, மரச்சாமானுக்கு பூச்சி, பட்டை எண்டு எல்லைக் கேள்வி வரும், வெள்ளை நைலோனோ கறுப்பு அசிட்டலோ எடுங்க.


சம்மாந்துறை ஃபிட்டர்:

நைலோன்ல சாதாரண ட்ரில் போட்டா ஓட்டை அடி கூம்பாத்தான் நிக்கும், சாமான் நேரா நிக்காது. ஒண்டில் அடி தட்டையான என்ட்மில் போடுங்க, இல்லாட்டி ஓட்டைய அடுத்த பக்கம் வரைக்கும் விட்டு கீழ ஒரு தகட்ட ஸ்க்ரூ போட்டு மூடுங்க. ரெண்டாவதுதான் லேசு, கழுவவும் கழட்டலாம். நைலோன் ஈரம் இழுத்து கொஞ்சம் உப்பும் எண்டதையும் நினைப்புல வைங்க, இஞ்ச மாரி மழைல 12.5 போட்டது அங்க காய்ஞ்ச காத்துல போய் மாறும், அசிட்டல் எண்டா அந்தத் தொல்லை இல்ல.


வாழைச்சேனைத் தோணி:

நான் கடல் தொழில், துவக்குக் கதையில எனக்கு வேலையில்ல, ஆனா பட்டறைத் தம்பிக்கு ஒரு யோசனை. உன்ட மச்சானாக்கள் சன்னமும் சொந்தமா ஈயத்துல வாக்கிறாங்களாம், அதுக்கு அலுமினிய அச்சு இருக்காம், ரெண்டு பாதி, மேல ஒரு தட்டு, கைபிடி, வீடியோவில பாத்தன். அதே அச்சை வலைக்கு ஈயமணியா, தூண்டலுக்கு ஈயக்குண்டா கடைஞ்சு தந்தா நம்ம ஆக்களே வாங்குவாங்க, ஏற்றுமதியும் இல்ல, பொலிஸும் இல்ல. இப்ப நாங்க மண்ணுல குழி வச்சு வாக்கிறம், ஒண்டு மாதிரி ஒண்டு வராது, வலை ஒரு பக்கம் கெதியாத் தாழும்.

நம்மாக்கள் பழைய டயர் பெலன்ஸ் ஈயத்தைத்தான் உருக்கிறது, இப்ப அதுக்குள்ள நாகத்துண்டும் (துத்தநாகம்) கலந்து வருது, உருக்கினா கஞ்சி மாதிரி ஆகி அச்சு நிரம்பாது. இதுக்கு ஆராவது வழி சொல்லுங்க.


பனிநாட்டு மட்டக்களப்பான்:

தோணி அண்ணே, அதுக்கு வழி சூடுதான். ஈயம் 327 பாகையில உருகும், நாகம் 419ல. சட்டியை 370 தாண்ட விடாம வச்சா நாகத்துண்டு உருகாம மிதக்கும், கரண்டியால அள்ளி எறியலாம். அதுக்கு ஒரு வெப்பமானி வேணும், கண்ணால பாத்துப் பிடிக்க ஏலா. தண்ணி ஒரு சொட்டு உருகின ஈயத்துக்கு அடியில போனா முழுச்சட்டியும் மூஞ்சைக்கு வரும், மழைக்குள்ள நனைஞ்ச ஈயத்தை குளிர் சட்டியில போட்டுத்தான் சூடாக்கணும், உருகினதுக்குள்ள போடக் கூடா. வெளியில, காத்து வாற பக்கமா நிண்டு ஊத்துங்க, சமைக்கிற சட்டி கரண்டி வேற, இது வேற, பிள்ளைகள் கிட்ட வரப்படா, கை கழுவாம பீடி சோறு ஒண்டும் வேணாம்.

தம்பி அச்சு கடையிறதெண்டா ரெண்டு பாதியும் மூடின பிறகு காத்து வெளிய போக மெல்லிய கீறல்கள் முகத்துல போடணும், இல்லாட்டி மூலை நிரம்பாது. பாவிக்க முதல் குழிக்குள்ள விளக்குப் புகை பிடிச்சா ஈயம் லேசாக் கழரும்.


ஆரையம்பதிப் பட்டறை:

சரி அப்ப நான் முடிவெடுத்திட்டன். டை, ஹோல்டர், மென்ட்ரல் இல்ல. கச்சேரியடி அண்ணன் சொன்ன மாதிரி கேட்டு எழுத்துல வந்தாத்தான் புனலும் கட்டையும் கேஜும், வராட்டி அதுவும் இல்ல. கல்முனைச் சந்தி அண்ணே, காசு முன்னுக்கு எண்டு சொல்லிட்டன், மாமிக்கும் சொல்லிட்டன், மாமி சொன்னா அவன் போடுவான்.

தோணி அண்ணே உங்கட ஈயமணி சைஸ் என்ன, கயிறு போற ஓட்டை எத்தினை மில்லி? ஒரு சாம்பிள் மணி கொண்டு வந்து தந்தீங்க எண்டா அச்சு ஒண்டு கடைஞ்சு பாப்பம், அலுமினியக் கட்டை கிடக்கு.

பனிநாட்டு அண்ணே மச்சானிட்ட வரைபடம் கேட்டன், கம்பியூட்டர்ல கீறத் தெரியாதாம்.


பனிநாட்டு மட்டக்களப்பான்:

கம்பியூட்டர் வேணாம், கொப்பித் தாள்ல கீறி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல இஞ்சியா மில்லிமீட்டரா எண்டு எழுதச் சொல்லுங்க, அவன்ட வேர்னியர் தாடை தடிப்பையும் அளந்து அதிலயே போடட்டும்.


வாழைச்சேனைத் தோணி:

ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகல்ல, காலையில மணி கொண்டு வாறன் தம்பி. பட்டறை திறந்திருக்குமா?